ரத்தக்களறிப் படத்தில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? (ஸ்லாஷர் பட இழை)

கடைசிவரிசை

போன வாரம் மூன்று ராத்திரியில் டெரிஃபையர் படங்கள் மூன்றையும் பார்த்து முடித்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. ஸ்லாஷர் படங்களை, அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்தி வெட்டிக் கொல்லும் படங்களை, விரும்பிப் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

முதல் படம் 2016இல் வந்தது, டேமியன் லியோன் இயக்கியது. ஹாலோவீன் ராத்திரி, குடித்துவிட்டு வீடு திரும்பும் இரண்டு தோழிகள், அவர்கள் பின்னாலேயே வரும் ஆர்ட் என்கிற கோமாளி. அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான், சத்தமே வராது. ஒருத்தியை நாற்காலியில் கட்டிப்போட்டு, அவள் கண்ணெதிரே மற்றவளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ரம்பத்தால் அறுக்கிறான். அங்கே படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தால், கட்டிப்போட்டவள் தப்பித்து அவனை அடித்து வீழ்த்துகிறாள். சரி, இவள்தான் கடைசிவரை நிற்கப்போகிறவள் என்று நிமிர்ந்தேன். கோமாளி ஒரு துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறான். கத்தி, கோடரி, ரம்பம் என்று ஓடும் இந்த வகைப் படத்தில் துப்பாக்கி எடுப்பது ஆட்டத்தையே கலைப்பது மாதிரி.

இரண்டாவது படம் 2022. அதே கோமாளி, அதே கறுப்பு வெள்ளை உடை. வேஷத் துணி விற்கும் கடையில் கதாநாயகி சியன்னா நிற்கிறாள். இவன் பக்கத்தில் நின்று விளையாட்டுக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்க்கிறான். சூரியகாந்திப் பூ வடிவத்தில் ஒன்று. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதே நேரம் வயிறு கலங்கியது. இரண்டும் ஒன்றாக நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

ஒரே இயக்குநர், ஒரே கோமாளி. ஓரிடத்தில் எழுந்து போகிறேன், ஓரிடத்தில் சிரிக்கிறேன். எது மாறுகிறது?

வீடியோக்கடை

தம்பி, நல்ல கேள்வி. இதற்கு வயது நூற்றுக்கு மேல். பாரிஸில் 1897இல் தொடங்கி 1962 வரை நடந்த கிராண்ட் கிஞோல் என்கிற சின்ன நாடக அரங்கில் கண்ணைப் பிடுங்குவதும் கழுத்தை அறுப்பதுமாக ஒரு நாடகம் போடுவார்கள், அடுத்ததாகக் கூத்தும் கும்மாளமுமாக ஒரு சிரிப்பு நாடகம். அப்புறம் மறுபடி ரத்தம். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றுவது மாதிரி. பயந்த உடம்புக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும், சிரித்து இளகிய உடம்புக்குப் பயம் சீக்கிரம் வரும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நான் எண்பதுகளின் கடைசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன். திரும்பி வரும் கேசட்டைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். பேய்ப்படக் கேசட்டில் சில இடங்களில் மட்டும் படம் கோடு கோடாக ஓடும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்து டேப் தேய்ந்திருக்கும். ஃப்ரைடே த தர்ட்டீன்த் முதல் பாகத்தில் (1980) அந்த இடம் எனக்கு மனப்பாடம். கெவின் பேகன் கட்டிலில் படுத்திருப்பார், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து நெற்றியைப் பிடிக்கும், தொண்டையைத் துளைத்துக்கொண்டு அம்பு வெளியே வரும். நாலே நாலு நொடி. அதற்காகவே அந்தக் கேசட்டை எடுத்துப் போனவர்கள் உண்டு.

ஆனால் நம் பேச்சுக்குப் பொருத்தமானது அதே வரிசையின் ஆறாவது பாகம், 1986. டாம் மெக்லாக்லின் எழுதி இயக்கியது. கல்லறைத் தோட்டக்காரன் நேராகக் கேமராவைப் பார்த்து, சிலருக்குப் பொழுதுபோக்கு என்றால் விபரீதமான ருசிதான் இருக்கிறது என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவான். முகாமுக்கு வந்த இரண்டு பொடியன்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்திருப்பார்கள். வெளியே கொலைகாரன் ஜேசன் நடமாடுகிறான். ஒருவன் மற்றவனிடம், நீ பெரியவனாகி என்ன ஆவதாக இருந்தாய் என்று கேட்பான். ஆவதாக *இருந்தாய்*! அந்த ஒரு சொல்லில் பிள்ளைகளின் பயமும் இருக்கிறது, நமக்குச் சிரிப்பும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைத் தொட்டால் ஜேசனை விடமாட்டேன் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

சிவப்புச்சாயம்

வீடியோக்கடை அண்ணே, அந்த அம்புக் காட்சியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன். குறும்படங்களுக்குக் காய மேக்கப் செய்கிறவன் நான், அந்தக் காட்சிக்கு மேக்கப் செய்த டாம் சவினியைக் கும்பிட்டுத்தான் தூரிகையைத் தொடுவேன். கட்டிலில் பேகனின் தலை மட்டும்தான் நிஜம். உடம்பு முழுக்கக் கட்டிலுக்கு அடியில் மண்டிபோட்டிருக்கிறது. மெத்தையில் ஓட்டை போட்டுத் தலையை வெளியே நீட்டி, கழுத்தும் மார்பும் ரப்பரில் செய்து ஒட்டியிருக்கிறார்கள். அம்பை மேலே தள்ளும்போது ரத்தம் வரவேண்டிய குழாய் பம்பிலிருந்து கழன்றுவிட்டது. உதவியாளர் டாசோ ஸ்டாவ்ராகிஸ் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதினார். கழுத்திலிருந்து கொப்பளித்து வருகிற அந்த ரத்தம் ஒரு மனுஷனின் மூச்சு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கடைசிவரிசை கேட்டதற்கு என் பதில் இதுதான்: சிரிப்பில் பாதி, 'எப்படிடா பண்ணாங்க' என்கிற வியப்பு. செட்டில் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். கேக் கடைகளுக்குச் சரக்கு விற்கிற இடத்தில் லிக்விட் குளுக்கோஸ் வாங்கி, சிவப்பு ஃபுட் கலரோடு ஒரு சொட்டு நீலமும் கொஞ்சம் கொக்கோ பொடியும் சேர்த்துக் கலக்குவேன். நீலம் போடாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் ரோஸ்மில்க் மாதிரி தெரியும். அமெரிக்காவில் டிக் ஸ்மித் என்கிற மகா கலைஞர் சோளப் பாகை வைத்து உருவாக்கிய பக்குவத்தின் வழி வந்ததுதான் இதெல்லாம். ஒரு டேக் எடுத்தால் சட்டை போச்சு. இரண்டாவது சட்டை இருந்தால்தான் இரண்டாவது டேக். அரைமணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். 'பிணம்' எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே படுத்திருக்கும். குழாய் சரியாகப் பீய்ச்சினால் மொத்த யூனிட்டும் கைதட்டிச் சிரிக்கும். யாரும் கொடூரர்கள் இல்லை. வித்தை பலித்த சந்தோஷம்.

சவினி வியட்நாமில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். நிஜப் பிணங்களைக் கேமரா வழியாகப் பார்த்தவர். அதைத்தான் பிறகு ரப்பரிலும் பாகிலும் கொண்டுவந்தார். லியோனும் தன் படத்து மேக்கப்பைத் தானே செய்தவர். இரண்டரை லட்சம் டாலரில் டெரிஃபையர் இரண்டாம் பாகம் எடுக்க முடிந்ததே அதனால்தான். அந்தப் படங்களில் கம்ப்யூட்டர் ரத்தம் தெறிப்பதில்லை என்பதே எனக்கு மரியாதை.

இரவுப்பணி

நான் கேஷுவாலிட்டியில் நர்ஸ். வீட்டில் இந்தப் படங்களை நானும் அக்காவும்தான் பார்ப்போம். 'வேலையிலும் ரத்தம், வீட்டிலும் ரத்தமா?' என்று அம்மா கேட்பார்.

அம்மாவுக்கு நான் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். நிஜ ரத்தம் இப்படி இருக்காது. கொஞ்ச நேரத்தில் உறைந்து கட்டியாகும், காய்ந்தால் பழுப்பாகிவிடும், இரும்பு வாடை அடிக்கும். அடிபட்டு வருகிறவர்களில் பலர் கத்துவதே இல்லை. செல்போன் எங்கே, செருப்பு எங்கே, வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்பார்கள். அதனால் படத்தில் ரத்தம் அளவுக்கு மீறிப் பீறிட்டால் எனக்கு நிம்மதி. இது என் வேலை இல்லை, யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று உடம்புக்குப் புரிகிறது. பீட்டர் ஜாக்சனின் பிரெய்ன்டெட் படத்தில் (1992) புல்வெட்டும் இயந்திரத்தை மார்போடு கட்டிக்கொண்டு ஒருவன் உயிர்பெற்று எழுந்த பிணக்கூட்டத்துக்குள் நுழைவானே, அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் டெரிஃபையர் இரண்டில் படுக்கையறைக் காட்சி இருக்கிறது. வெட்டுப்பட்டுக் கிடக்கிற பெண்ணின் காயத்தில் கோமாளி ப்ளீச்சையும் உப்பையும் கொட்டித் தேய்க்கிறான். அவ்வளவு ஆன பிறகும் அவளுக்கு உயிர் இருக்கிறது. மருத்துவப்படி அது நடக்காத காரியம். நீண்டுகொண்டே போவதுதான் அங்கே வேடிக்கை என்று அந்தப் படத்தின் ரசிகர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அது புரிகிறது. ஆனாலும் உப்பு என்றதும் என் கை தானாக மூடிக்கொண்டது. அறுந்து விழும் தலை யாருக்கும் நேர்ந்த அனுபவம் இல்லை. புண்ணில் உப்பு எல்லோருக்கும் தெரியும். அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அல்லிக்குளம்

இவ்வளவு நேரம் பேசியும் ஒன்றை யாரும் தொடவில்லை. மேலே சொன்ன கொடுமையான காட்சி இரண்டிலும் அறுபடுவது பெண். இது தற்செயலா?

1980இலேயே அமெரிக்க விமர்சகர்கள் சிஸ்கலும் ஈபர்ட்டும் தங்கள் டிவி நிகழ்ச்சியில் ஒரு முழுப் பகுதியை இதற்காக ஒதுக்கினார்கள். பெண்களைத் துரத்திக் கொல்வதையே காட்சிப்பொருளாக்கும் படங்கள் பெருகுகின்றன, கேமரா கொலைகாரனின் கண்ணாக மாறிவிட்டது என்பது அவர்கள் புகார். சில வருடங்களில் கேரல் க்ளோவர் என்கிற பேராசிரியை வேறு பக்கத்திலிருந்து வந்தார். இந்தப் படங்களின் முடிவில் கத்தியைப் பிடுங்கித் திருப்பிக் குத்துகிறவளும் பெண்தானே, அரங்கில் இருக்கிற இளைஞர்கள் அவளோடு சேர்ந்துதானே மூச்சுவிடுகிறார்கள் என்று கேட்டார். 'கடைசிப் பெண்' என்று எல்லோரும் இன்று சொல்கிற பெயர் அவர் வைத்தது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, ஆனால் க்ளோவரின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தப்பிப்பவர்கள் அதிகம். கடைசிப் பெண் ஒருத்திதான். அவளுக்கு முன்னால் சாகும் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் சாக எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு? ஆண் ஒரே வெட்டில் போய்ச் சேருவான். பெண் ஓடுவாள், விழுவாள், கெஞ்சுவாள், அழுவாள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள், புரியும்.

என் சிபாரிசு 1982இல் வந்த த ஸ்லம்பர் பார்ட்டி மாசகர். எழுதியவர் ரீட்டா மே பிரௌன், இயக்கியவர் எமி ஹோல்டன் ஜோன்ஸ், இருவரும் பெண்கள். பிரௌன் இதைப் பகடியாகத்தான் எழுதினார், தயாரிப்பில் அது நேரான கொலைப் படமாக எடுக்கப்பட்டது. பகடியின் மிச்சம் அங்கங்கே எட்டிப்பார்க்கிறது. கொலைகாரன் நீளமான ட்ரில் மிஷினை இடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வருவான், அது எதைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. முடிவில் ஒரு பெண் வெட்டுக்கத்தியால் அந்த ட்ரில்லின் முனையை வெட்டி எறிவாள். அவன் மொட்டைக் கம்பியோடு நிற்பான். கல்லூரி விடுதியில் பதினோரு பேர் இதை ஒன்றாகப் பார்த்தோம், அந்த இடத்தில் கிளம்பிய சிரிப்பில் வார்டன் வந்துவிட்டார்.

குறை இருக்கிறது. வியாபாரத்துக்கென்று ஆரம்பத்திலேயே குளியலறைக் காட்சி ஒன்றைத் திணித்திருப்பார்கள், அதைப் பார்க்க எரிச்சல்தான். நான் மறைக்கவில்லை.

சிவப்புச்சாயம்

அல்லிக்குளம் சொல்வதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: டெரிஃபையர் மூன்றாம் பாகத்தில் (2024) குளியலறைக்குள் ரம்ப மிஷினோடு கோமாளி வரும்போது அங்கிருக்கும் ஜோடியில் மோசமாக அறுபடுவது பையன். முதல் படத்து விமர்சனங்களை லியோன் காதில் போட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். சியன்னாவுக்குக் குடும்பம், தம்பி, அப்பாவின் நினைவு என்று இவ்வளவு இடம் கொடுத்ததும் அதனால்தான்.

படிக்கட்டு

நான் ஸ்க்ரீம் படத்தின் கட்சி. இயக்கியவர் வெஸ் க்ரேவன், 1996. இங்கே எல்லோரும் ரத்தத்தின் அளவைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு அதைவிட நக்கலின் இடம் முக்கியம்.

முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் பெண், அடுப்பில் பாப்கார்ன், போனில் ஒரு குரல். அலுமினியத் தாள் மூடிய பாத்திரம் பேச்சு வளர வளர உப்பிக்கொண்டே போகிறது. அது வெடிக்கப்போவதைப் பார்த்துக்கொண்டே நாம் உரையாடலைக் கேட்கிறோம். குரல் பேய்ப்படங்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறது. ஃப்ரைடே த தர்ட்டீன்த் படத்தில் கொலைகாரன் யார்? ஜேசன் என்கிறாள் அவள். தப்பு. முதல் பாகத்தில் கொன்றது ஜேசனின் அம்மா. (இதுவரை பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) பேய்ப்பட ரசிகன் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பான், அடுத்த நொடி அந்தத் தப்பான பதிலுக்கு அவளுடைய நண்பனின் உயிர் போகும். நக்கலும் பயமும் ஒரே வரியில் வருகிறது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ரோஜர் ஜாக்சன், நடிகர்கள் அவரைப் பார்க்காதபடி ஒளித்துவைத்துத்தான் போனில் பேசவிட்டார்கள். ட்ரூ பேரிமோரின் முகத்தில் தெரிவது அதுதான்.

பிறகு வந்த நகல்கள்தான் குறை. 'நாங்கள் பேய்ப்படத்தில் இருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியும்' என்று பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருக்கும். கேட்டால் பகடி என்பார்கள். கதை ஓட்டையா, பகடி. நடிப்பு மோசமா, பகடி. பார்க்கிறவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டால் வேலை முடிந்தது என்கிற சோம்பேறித்தனம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. இந்த வகைப் படத்தை நேசிக்கிறவன் அப்படிச் செய்ய மாட்டான்.

கடைசிவரிசை

படிக்கட்டு, உங்கள் பதிவைப் படித்ததும் அந்த முதல் காட்சியை மறுபடி போட்டேன். பாப்கார்னை நான் மறக்கவில்லை, மறந்திருந்தது அதற்குப் பிறகு வருவதை. பெற்றோர் காரில் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்குள் புகை. அம்மா யாருக்காவது தகவல் சொல்லப் போனை எடுக்கிறார், அதில் மகளின் மூச்சு கேட்கிறது. மகள் தோட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில். குரல் எழும்பவில்லை.

டெரிஃபையர் இரண்டிலும் அம்மா வீட்டுக்கு வருகிறார்! இரவுப்பணி சொன்ன அதே படுக்கையறைக் காட்சியின் முடிவில். மகளைப் பார்க்கிறார், அவரையும் கோமாளி கொல்கிறான். அப்புறம் ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டுக் குழந்தைகள் கதவைத் தட்ட, அந்த அம்மாவின் தலையைக் கிண்ணமாக்கி மிட்டாய் நீட்டுகிறான்.

இரண்டு படத்திலும் கதவைத் திறந்துகொண்டு அம்மா வருகிறார். க்ரேவன் அந்த அம்மாவுக்கு அழ நேரம் கொடுத்தார். லியோன் கொடுக்கவில்லை, அடுத்த வேடிக்கைக்குச் சாமானாக எடுத்துக்கொண்டார். கண்ணாடிக் கடைக் காட்சியில் நான் சிரித்ததற்குக் காரணம் சியன்னா. அவளுடைய சங்கடத்தை நான் உணர்ந்தேன், இன்னும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கேள்விக்குப் பதில் ரத்தத்தில் இல்லை போலிருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவரைப் படம் எப்படிப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது.

மழைக்கால_இரவு

அப்படியானால் டக்கர் அண்ட் டேல் வெர்சஸ் ஈவிலை (2010) என்ன செய்வீர்கள்? காட்டுக்குள் குடிசை வாங்கிய இரண்டு அப்பாவிகளைக் கொலைகாரர்கள் என்று கல்லூரிப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டு தாங்களாகவே போய்ச் செத்து விழும் படம். மரக்கிளை நொறுக்கும் மிஷினில் டக்கர் வேலை பார்க்கிறான். அவனைத் தாக்கப் பின்னாலிருந்து ஒருவன் பாய்கிறான், டக்கர் தற்செயலாகக் குனிய, பாய்ந்தவன் நேராக மிஷினுக்குள் போய்விடுகிறான். டக்கர் பதறிப்போய்க் காலைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்க்கிறான். அந்தப் பையன் யாரென்று நமக்குச் சரியாகத் தெரியாது, அவனுக்காக யாரும் அழுவதில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கடைசிவரிசை

டக்கர் காலைப் பிடித்து இழுக்கிறானே, அது போதும் எனக்கு.

வீடியோக்கடை

கொலைக் காட்சியின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ரைடே த தர்ட்டீன்த் ஏழாம் பாகத்தில் (1988) ஜேசன் ஒரு பெண்ணைத் தூங்கும் பையோடு தூக்கி மரத்தில் அடிப்பான். எடுத்தபோது பல அடிகள். அமெரிக்கத் தணிக்கைக்காக வெட்டி வெட்டி, படத்தில் மிஞ்சியது ஒரே அடி. அந்த ஒரே அடிதான் வரிசையிலேயே பெயர்பெற்ற கொலைகளில் ஒன்றாகிவிட்டது. அதே வரிசையில் பிறகு வந்த ஜேசன் எக்ஸ் படத்தில் அதையே திரும்ப வைத்துச் சிரிக்க வைத்தார்கள். அடித்துக்கொண்டே இருந்திருந்தால் இரவுப்பணி சொன்ன உப்பு மாதிரி ஆகியிருக்கும்.

அதற்காகத் தணிக்கைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மை ப்ளடி வேலன்டைன் (1981) படத்தைக் கொத்திப் போட்டதில் கொலைக்கு முன்னால் வரும் பதுங்கல் மட்டும் மிஞ்சி, கொலையே இல்லாமல் போனது. விடுகதை போட்டுவிட்டு விடையைச் சொல்லாமல் எழுந்துபோகிற மாதிரி. வாடிக்கையாளர்கள் கேசட் கெட்டுப்போயிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

இரவுப்பணி

அல்லிக்குளம் அக்கா சொன்ன ஸ்லம்பர் பார்ட்டியை ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். ட்ரில் முனை துண்டாகி விழுந்ததும் என் அக்கா எழுந்து நின்று கைதட்டினாள்.

எனக்குப் பிடித்தது வேறு இடம். பீட்ஸா கொண்டுவந்த பையன் கண்களைத் துளைத்த நிலையில் வாசலிலேயே பிணமாக விழுகிறான். பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் பிணம். கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருத்தி பீட்ஸா டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்துச் சாப்பிடுகிறாள். மற்றவர்கள் திகைத்துப் பார்க்கிறார்கள். சாப்பிட்டதும் தெம்பாக இருக்கிறது என்கிறாள். அக்கா 'சீ' என்று சிரித்தாள். எனக்கு அது சிரிப்புக் காட்சியாகவே படவில்லை.

எங்கள் வார்டில் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு ஒரு கேஸ் கைவிட்டுப் போகும். உடம்பைத் துடைத்து, கட்டி, உறவுக்காரர்களை உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி எல்லாம் முடித்துக் கை கழுவிவிட்டு வந்தால் பசிக்கும். கண்ணை மறைக்கிற பசி. சீனியர் சிஸ்டர் டிபன் டப்பாவைத் திறந்து நடுவில் வைப்பார். ஆறிப்போன இட்லி, மிளகாய்ப்பொடி. யாரும் பேச மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கு அதைத் தொடக் கூச்சமாக இருந்தது. அவர்தான் ஒரு இட்லியைப் பிட்டு என் கையில் வைத்தார்.